எனக்குத் தரையும் நேரமும் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எங்கள் லைன் வீட்டுக்காரர்களுக்கும், கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் அக்கா, அண்ணன், தம்பிகளுக்கும் வணக்கம்.

போன மாதத்திலிருந்து மறுபடியும் ஓவர்லாக் தையல் மெஷினில் முழு ஷிப்டு உட்காருகிறேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கப் போனபோது காண்ட்ராக்டர் அண்ணன், "என்னம்மா, இடுப்பு சரியாப் போச்சா? என்ன மாத்திரை, எங்க வீட்லயும் கேக்கறாங்க" என்றார். மாத்திரை இல்லைங்கண்ணா என்றேன். அவர் நம்பவில்லை. இதையே இன்னும் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நின்ற இடத்தில் பதில் சொன்னால் சொல்ல வேண்டியவர்கள் விட்டுப் போகிறார்கள். அதனால் எழுதிவிடுகிறேன். பெயர் போட்டால் சிலருக்குக் கூச்சம் என்பதால் முறை சொல்லியே எழுதுகிறேன். யார் யார் என்று திருப்பூரில் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி பிசியோதெரபி மேடத்துக்கு. அவர் எனக்காக வந்தவரே இல்லை. பக்கவாதத்தில் படுத்த என் மாமனாருக்காக, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்தவர். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் அது. பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வரும் என்ற அளவில்தான் நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம். கை கால் பயிற்சி கொடுக்கவும் ஆள் வருவார்கள் என்பது மாமாவுக்கு முடியாமல் போன பிறகுதான் தெரிந்தது. மாமாவின் கையை நீட்டி மடக்கிக்கொண்டே அந்த மேடம் என்னைக் கவனித்திருக்கிறார். சின்னவளை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு டீ டம்ளரோடு நான் வாசல் படி இறங்கியதைப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா இப்படி நடக்கறீங்க?" என்று கேட்டார்.

சின்னவள் பிறந்ததிலிருந்தே என்றேன். குறுக்குவலி என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். "குறுக்கு முழுசும் வேண்டாம், ஒரே விரல்ல காட்டுங்க" என்றார். காட்டினேன். பாவாடை நாடா கட்டும் இடத்துக்குக் கீழே, பின்பக்கம் குழி விழும் இடத்தை ஒட்டி. "அடுத்த தடவையும் அதே இடத்தைக் காட்டறீங்களா பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுமுறை வந்தபோதும் விரல் அங்கேயேதான் போனது. அன்றைக்கு என்னைப் பாயில் படுக்கவைத்து ஐந்து விதமாக அழுத்திப் பார்த்தார். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிய நிலையில் தொடை வழியாகக் கீழே அழுத்தியபோது கத்திவிட்டேன். ஒன்றில் வலித்தால் கணக்கில்லையாம். மூன்றிலாவது அதே வலி வந்தால்தான் சாக்ரோஇலியாக் மூட்டைச் சந்தேகப்பட வேண்டுமாம். எனக்கு நான்கில் வந்தது.

அந்த மூட்டு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: முதுகெலும்பின் அடியில் முக்கோணமாக ஒரு எலும்பு இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் இடுப்பெலும்பு வந்து சேரும் இடம்தான் அது. பக்கத்துக்கு ஒன்று. தோள், முழங்கால் போல அசையாது, மிஞ்சிப்போனால் சில டிகிரிதான். மேல் உடம்பின் பாரம் முழுக்க அதன் வழியாகத்தான் காலுக்கு இறங்குகிறது. பிள்ளைப்பேற்றுக்காக அங்கே எலும்பை எலும்போடு கட்டும் நார்கள் தளர்கின்றன. பெரும்பாலானவர்களுக்குச் சில மாதத்தில் வலி அடங்கிவிடும், என்னைப் போலச் சிலருக்குப் போகாமல் தங்கிவிடுகிறது. தளர்ந்த நாரைப் பயிற்சியால் இறுக்க முடியாது, சுற்றியுள்ள தசையை வைத்துத்தான் மூட்டை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்றார். எலாஸ்டிக் தொய்ந்த பேண்டுக்கு நாடா கோத்துக் கட்டுவது மாதிரி என்று நான் சொன்னதும் சிரித்து, அதையே இப்போது மற்றவர்களுக்கும் சொல்வதாகக் கேள்வி. அதற்கு ராயல்டி எனக்கு வேண்டாம் மேடம்.

இதற்கு முன்பே ஓர் இடத்தில் ஸ்கேன் எடுத்து, முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, இனி தையல் வேலையை மறந்துவிடு என்று சொல்லியிருந்தார்கள். அந்தத் தாளைப் பீரோவில் தாலிக்கொடிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன், அவ்வளவு பயம். மேடம் அதை வாங்கிப் படித்தார். 2015-ல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்றைச் சொன்னார். வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலே நூற்றுக்கு முப்பது பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரியுமாம், எண்பது வயதில் எண்பது சதவீதத்துக்கும் மேலாம். "ஸ்கேன்ல இருக்கறதும் வலிக்கறதும் ஒண்ணான்னு பார்க்கணும்" என்றார். அன்று ராத்திரி நான் தூங்கியதற்கு அந்த ஒரு வார்த்தைக்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

பயிற்சி என்றதும் எனக்குச் சந்தேகம்தான். பகல் முழுக்கக் குனிந்து நிமிர்கிறவளுக்கு இன்னும் என்ன பயிற்சி? அதற்கும் பதில் வைத்திருந்தார். நார்வே நாட்டில் பிள்ளை பெற்ற பிறகு இதே வலி இருந்த 81 பெண்களை வைத்து ஆய்வு செய்து 2004-ல் வெளியிட்டிருக்கிறார்கள். இருபது வாரம் இடுப்பைப் பிடித்து நிறுத்தும் பயிற்சிகளைச் செய்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது, இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நிலைத்திருந்தது. "இருபது வாரம்" என்பதைத்தான் இரண்டு முறை சொன்னார்.

இருபது வாரம் சரி, எங்கே படுத்துச் செய்வது? எங்கள் லைன் வீட்டை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாமனார் கட்டில், பீரோ, தொட்டில், அடுப்பு மேடை போக மிச்சம் இருப்பது கதவு திறக்கும் இடம்தான். இங்கேதான் ஓனரம்மாவுக்கு நன்றி. மொட்டை மாடி தகரக் கொட்டகையில் இருந்த பழைய சாமான்களை ஒதுக்கி, ஒரு பவானி ஜமுக்காளத்தையும் கொடுத்து, சாவியை என் கையில் வைத்தார்கள். வாடகை பாக்கி இருந்த மாதத்தில் கொடுத்தார்கள் என்பதையும் இங்கே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து செக்கிங் டேபிள் அக்கா. முழங்காலுக்கு மேலே மாட்டிக்கொள்ள ரப்பர் பட்டை வேண்டும், கடையில் கிடைக்கும் என்று மேடம் சொன்னதைத் தற்செயலாக அக்காவிடம் சொன்னேன். பனியன் ஊரில் எலாஸ்டிக்கைக் காசு கொடுத்து வாங்குவதா என்று கேட்டு, ஜட்டி இடுப்புக்குப் போடும் இரண்டு இன்ச் எலாஸ்டிக்கில் மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தார். நுனிக்கு நுனி வைத்து அடித்த முதல் வளையம் தையல் விட்டுப்போய்த் தொடையில் சுள்ளென்று அடித்தது. பிறகு ஒரு இன்ச் மேலேற்றிவைத்து, சதுரமாகத் தையல் போட்டு, உள்ளே எக்ஸ் அடித்துக் கொடுத்தார். ஒற்றை மடிப்பில் ஒன்று, இரட்டை மடிப்பில் ஒன்று. ஒற்றை எளிதானதும் இரட்டை. மேடம் அதை இழுத்துப் பார்த்துவிட்டு, தனக்கும் நாலு வேண்டும் என்றார்.

என்ன செய்தேன் என்று கேட்ட, டெய்லர்களுக்கு உதவியாக இருக்கும் கைமடி தங்கச்சிகளுக்காக இதையும் சொல்கிறேன். முதல் சில வாரம் சும்மா மல்லாந்து படுத்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து ஐந்து எண்ணும்வரை நெரிப்பது. வாய்விட்டு எண்ண வேண்டும், மூச்சை அடக்கக் கூடாது. பிறகு இடுப்பைத் தூக்குவது: பாதத்தைத் தரையில் ஊன்றி, குதிகாலை அழுத்தி, பிட்டத்தை இறுக்கித் தூக்க வேண்டும். முதுகு வளையக் கூடாது. தொடைக்குப் பின்னால் சுளுக்கிக்கொண்டால் குதிகாலைப் பிட்டத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுவர வேண்டும்.

என்னைத் திணற அடித்தது மூன்றாவதுதான். ஒருக்களித்துப் படுத்து, குதிகால் இரண்டும் ஒட்டியிருக்க மேல் முழங்காலை மட்டும் திறப்பது. பார்த்தால் குழந்தை விளையாட்டு. நான் முழங்காலை உயரத் தூக்கிப் பெருமையாகப் பார்த்தபோது மேடம் என் இடுப்பெலும்பில் கை வைத்து, "இது பின்னாடி உருளுது, தசை ஒண்ணும் வேலை செய்யல" என்றார். முதுகைச் சுவரில் ஒட்டிப் படுக்கவைத்தார். உருள இடமில்லாமல் போனதும் முழங்கால் ஒரு சாண்கூடத் திறக்கவில்லை. பிட்டத்தின் பக்கவாட்டில், பேண்ட் பாக்கெட் வரும் இடத்தில் அப்படி ஒரு எரிச்சல். ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிடிப்பது அந்தத் தசைதானாம். படி ஏறும்போதெல்லாம் எனக்கு வலித்ததற்கு அர்த்தம் அன்றுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையும் காலும் நீட்டுவது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, எலாஸ்டிக்கை மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடப்பது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலையில் கூடியிருக்கக் கூடாது. கூடினால் எண்ணிக்கையைக் குறை, ஆனால் விட்டுவிடாதே. இதுதான் கணக்கு. முதல் மாதம் பெரிய மாற்றம் இல்லை. தசை பலப்பட ஆறிலிருந்து பன்னிரண்டு வாரமாவது ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் ஓடிப்போகாமல் இருந்தேன்.

மாடியில் நான் இருந்த அந்த அரை மணி நேரம் எங்கிருந்து வந்தது? அத்தை கொடுத்தது. மாமாவையும் பார்த்துக்கொண்டு, சின்னவளையும் வைத்துக்கொண்டு, "போ சாமி, போய்ச் செஞ்சுட்டு வா, பால் நான் காச்சறேன்" என்று தினமும் துரத்திவிட்டார். பிள்ளையை ஒரே இடுப்பில் வைத்து இடுப்பைத் தள்ளி நிற்கக் கூடாது என்று மேடம் சொன்னதும், வீட்டில் யாரும் அப்படித் தூக்கக் கூடாது என்று அத்தையே சட்டம் போட்டுவிட்டார். ஆனால் அவர் மட்டும் அப்படித்தான் தூக்குகிறார். அவர் இடுப்புக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு சிங்கர் மெஷின் டெய்லர் தம்பிக்கு: தண்ணி விடும் நாளில் எல்லாம் எங்கள் குடங்களையும் சேர்த்துத் தூக்கினாய். அனுப்பர்பாளையம் பாத்திரத்துக்குப் பேர் போன ஊர், பக்கத்திலேயே குடியிருந்தும் நம் குடங்கள் பிளாஸ்டிக்காக இருந்தது உன் அதிர்ஷ்டம்.

என் வீட்டுக்காரருக்கு இதில் ஒரே ஒரு வரி: வண்டியில் ஒருபக்கமாக உட்கார்ந்து வராதே, சுடிதார் போட்டு இருபக்கமும் கால் போட்டு உட்கார் என்று மேடம் சொன்னதை ஊர்ப் பேச்சுக்குப் பயப்படாமல் ஒத்துக்கொண்டதற்கு நன்றி.

கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் அண்ணனுக்கும் சொல்ல வேண்டும். மணிக்கு ஒருதரம் எழுந்து நிற்க விட்டது ஒன்று. வலது கால் பெடலிலேயே இருப்பதால் உடம்பு ஒருபக்கம் சாய்கிறது என்று சொன்னதும், ஸ்டூலைச் சரியான உயரத்துக்கு மாற்றி இடது காலுக்கு ஒரு மரக்கட்டை போட்டுக் கொடுத்தது இன்னொன்று. பேட்லாக் மெஷின் அக்காக்களும் அதைக் கேட்கிறார்கள் அண்ணா, மறந்துவிடாதீர்கள்.

இடுப்பு பெல்ட் பற்றிக் கேட்டவர்களுக்கு: நானும் கொஞ்ச நாள் போட்டேன். வயிற்றில் கட்டுவது அல்ல அது. முன்பக்க இடுப்பெலும்புக்குக் கீழே, தாழ்த்திக் கட்டுவது. நடக்கும்போதும் வேலை நேரத்திலும் உதவியது, இப்போது கழற்றிவிட்டேன்.

என்னைப் பார்த்துவிட்டு நேராகப் பாயை விரித்துவிட வேண்டாம். மேடம் பயிற்சி தொடங்கும் முன்பு என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. காலையில் எழுந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு இறுக்கமாக இருந்து நடக்க நடக்கத் தளர்கிறதா? பின்னிரவில் வலி எழுப்பிவிடுகிறதா? அப்படியென்றால் அது மூட்டுவாதமாக இருக்கலாம், அதற்கு வேறு டாக்டர், ரத்தப் பரிசோதனை, வேறு மருந்து. தொடை இடுக்கு மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, காய்ச்சலோடு வலிப்பது, கால் பலம் குறைவது என்று எதுவாக இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எலாஸ்டிக் வளையம் வேண்டுமென்றால் செக்கிங் அக்காவிடம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள். தொடைச் சுற்றளவை இன்ச்சில் சொன்னால் போதும். காசு கொடுக்காதீர்கள், திட்டுவார்.

அன்புடன்,
ஓவர்லாக் மூன்றாவது மெஷின்,
வேலம்பாளையம், திருப்பூர்