போர் நடந்த மண்ணுக்கும் ஒரு மானியம் வேண்டும்

தேசிய மரபுடைமைக் கழகத்தாருக்கு,

வணக்கம்.

பிப்ரவரி மாதம் வந்தால் என் தமிழ்த் துணைப்பாட வகுப்புப் பிள்ளைகளைச் சிங்கப்பூரின் கிராஞ்சிப் போர்க் கல்லறைக்கு அழைத்துப் போவது வழக்கம். 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கடந்து மேட்டில் ஏறினால் நினைவகச் சுவர்களில் 24,000க்கும் அதிகமான பெயர்கள். 'மதராஸ் சேப்பர்ஸ்' எனும் இந்தியப் பொறியாளர் படையினரின் பெயர்களை விரலால் தடவிப் படிக்கும்போது பேச்சு தானாக அடங்கிவிடும். பின்புறத்தில் எரியூட்டு நினைவிடம் இருக்கிறது. அவரவர் சமய முறைப்படி தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கானது அது. பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். ஒருமுறை அங்கே நின்றுகொண்டு ஒரு சிறுமி கேட்டாள்: "இவங்கள்லாம் எங்க நின்னு சண்டை போட்டாங்க, டீச்சர்?"

நகரம் இருக்கும் பக்கமாகக் கையைக் காட்டினேன். 'இதோ, இந்த இடம்' என்று சொல்லி நிறுத்த எனக்கு ஓர் இடம் அகப்படவில்லை. அதனால்தான் இந்த மடல்.

இரண்டாம் உலகப் போரில், 1942 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு ஜப்பானியர் தீவின் வடமேற்கே சரிம்பூன் கரையில் இறங்கினார்கள். 15ஆம் தேதி மாலை புக்கிட் தீமா ஃபோர்டு ஆலையில் பிரிட்டிஷ் படையின் சரணடைவு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஆலை 2006 முதல் தேசிய நினைவுச்சின்னம். புக்கிட் சண்டு பங்களா மலாய்ப் படையணியின் லெப்டினன்ட் அட்னான் சைடியின் தீரத்தை எடுத்துச் சொல்கிறது. இரண்டும் அருமையான பணிகள், மனமார்ந்த நன்றி. ஆனால் இரண்டுமே கட்டடங்கள். பாசிர் பாஞ்சாங் மேட்டுத் தொடரில் மலாய்ப் படையணியோடு 44வது இந்தியப் பிரிகேடும் நிறுத்தப்பட்டிருந்தது. அந்தச் சிப்பாய்கள் பதுங்கிய சரிவுக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. நினைவுச்சின்னக் கட்டடத்தைப் பழுதுபார்க்க நிதி உண்டு. மண்ணைப் படிக்கவும் காக்கவும் அப்படி ஒன்று வேண்டும்.

வெறும் மண்ணில் படிக்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஆடம் பார்க்கில் நடந்த ஆய்வைப் பாருங்கள். அங்கே பிப்ரவரி 12 முதல் 15 வரை பிரிட்டனின் கேம்பிரிட்ஜ்ஷயர் படையணி எதிர்த்து நின்றது. பல ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்களும் தொண்டூழியர்களும் உலோகம் கண்டறியும் கருவியோடு அந்தப் புல்தரைகளில் தேடினார்கள். வெற்றுத் தோட்டா உறை கிடந்தால் சுட்டவன் அங்கே இருந்தான் என்று அர்த்தம். ஈயக்குண்டு கிடந்தால் அவன் குறிவைத்த இடம் அது. .303 உறை பிரிட்டிஷ் தரப்பு, 6.5 மில்லிமீட்டர் உறை ஜப்பானியத் தரப்பு. ஒவ்வொன்றையும் வரைபடத்தில் புள்ளியாக வைத்தால், எழுதி வைக்க யாரும் உயிரோடு மிஞ்சாத சண்டையும் கண்முன் விரியும். இதில் பொருளைவிட அது கிடந்த இடமே சாட்சி. மண்வாரி இயந்திரம் ஒருமுறை புரட்டிவிட்டால் சாட்சி போயிற்று; உறையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாலும் அது ஒரு பித்தளைத் துண்டுதான்.

மண் இன்னும் போரை மறக்கவில்லை. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமா கட்டுமானத் தளத்தில் 100 கிலோ வெடிகுண்டு கிடைத்தது. சுற்றுவட்டார மக்களை வெளியேற்றிவிட்டுத்தான் அதை வெடிக்கவைத்தார்கள்.

சட்டத்துக்கும் இப்போது குறைவில்லை. கட்டடம் இல்லாத இடத்தையும் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்க 2021இல் வழி திறந்தது. 2022 ஆகஸ்ட் 9ஆம் தேதி நகர நடுவிலுள்ள பாடாங் திடல் 75வது நினைவுச்சின்னமானது. 1943 ஜூலை 5ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்ட அதே திடல். செய்தி கேட்ட அன்று எனக்குக் கண் கலங்கியது. ஒரு புல்வெளியைக் காக்க முடிந்த நாம் ஒரு மலைச்சரிவையும் ஒரு கடற்கரையையும் காக்க முடியாதா?

அமெரிக்காவில் தேசியப் பூங்காச் சேவை போர்க்களங்களுக்கென்றே ஒரு திட்டம் நடத்துகிறது. ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் ஒரு மானியம், நிலம் வாங்க வேறொரு மானியம். நிலத்துக்கு அரசு ஒரு டாலர் கொடுத்தால் கேட்பவரும் ஒரு டாலர் திரட்ட வேண்டும். வாங்கிய நிலத்தில் பிறகு எக்காலத்திலும் கட்டடம் எழும்பாதபடி பத்திரத்திலேயே நிபந்தனை எழுதிவிடுகிறார்கள். அவர்களிடம் பரந்த நிலம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நானும் அப்படியொரு வீட்டில்தான் இருக்கிறேன். அவர்களுடைய முதல் மானியம் போதும் நமக்கு.

சண்டை நடந்த இடத்தில் கட்டுமான வேலை தொடங்கும் முன் ஆய்வுக்குப் பணமும் சில மாத அவகாசமும் கொடுங்கள். அந்த நிதிக்குச் சமூக மன்றக் குழுவும், பள்ளியும், கோயில் நிர்வாகமும் தமிழிலேயே விண்ணப்பிக்கட்டும். தேக்காவை (லிட்டில் இந்தியாவை) சுற்றியுள்ள குடும்பங்களில் இன்னும் சொல்லப்படும் 'ஜப்பான்காரன் காலத்து' கதைகளைப் பதிவுசெய்யவும் அதில் ஒரு பங்கு இருக்கட்டும். 1942 பிப்ரவரி 17ஆம் தேதி 40,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் கைதிகளாகக் கூட்டப்பட்ட ஃபேரர் பார்க் திடல், நம் தேக்காக் கடைத்தெருவிலிருந்து நடந்து போகும் தூரம். அன்று அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள் யார், அவர்களில் யாரைத் தேடி யார் வந்தார்கள் என்பதெல்லாம் பாட்டிமார் நினைவில்தான் இருக்கும். அவர்களுக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது.

அடுத்த பிப்ரவரியிலும் கிராஞ்சிக்குப் போவோம். உங்கள் அதிகாரி ஒருவர் எங்களோடு வந்தால் பிள்ளைகள் மிகவும் மகிழ்வார்கள். அந்தச் சிறுமிக்கு இப்போது பதினான்கு வயது. கேள்வியை அவளே உங்களிடம் கேட்பாள்.

அன்புடன்,
தமிழ்த் துணைப்பாட ஆசிரியை ஒருவர்,
ஈசூன்