சராசரி என்ற ஒற்றை எண்ணோடு கோப்பை மூடாதீர்கள்

மாணவர்களுக்கு உளவியல் பரிசோதனை செய்து அறிக்கை தரும் மதிப்பீட்டுக் குழுவினருக்கும், அந்த அறிக்கையை வைத்து முடிவெடுக்கும் பள்ளி நிர்வாகங்களுக்கும்,

வணக்கம்.

என் மகனின் பரிசோதனை அறிக்கை சமீபத்தில் கைக்கு வந்தது. கடைசிப் பக்கத்தில் முடிவு என்று எழுதியிருந்தது இவ்வளவுதான்: ஒட்டுமொத்த அறிவுத்திறன் சராசரி, படிப்பு வயதுக்கு ஏற்ற அளவில் இருக்கிறது, சிறப்பு உதவி தேவையில்லை.

அதே அறிக்கையின் உள்பக்கத்தில் வேறு இரண்டு எண்கள் இருக்கின்றன. சொற்களைப் புரிந்துகொண்டு விளக்கும் திறனில் 98ஆம் சதமானம், அதாவது அவன் வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் ஏறத்தாழ 98 பேரைவிட மேலே. குறியீடுகளைப் பார்த்து வேகமாக எழுதும் பகுதியில் 9ஆம் சதமானம். ஒரே பிள்ளை, ஒரே மேசை, ஒரே காலை. அந்த இடைவெளி ஏன் வந்தது என்று அறிக்கையில் ஒரு வாக்கியம்கூட இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து நடுவில் வந்து நின்ற எண்ணை எடுத்து, அதுதான் இந்தப் பிள்ளை என்று எழுதிவிட்டீர்கள். அந்த நடு எண்ணில் என் மகன் இல்லை.

மீத்திறனும் (வயதை மிஞ்சிய அறிவுத்திறன்) கற்றல் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருக்கலாம், ஒன்று மற்றொன்றை மறைக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் அதை விளக்கப் போவதில்லை. அந்த மறைப்பு வீட்டில் எப்படி இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எரிமலை பற்றிப் பத்து வரி எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுத உட்காரும் முன் அவன் என்னிடம் பேசினான். பாறைக் குழம்புக்குள் வாயு கரைந்திருக்கும், மேலே வர வர அழுத்தம் குறையும், அப்போது அது குமிழியாகப் பிரியும், அதனால்தான் சில எரிமலைகள் வெடிக்கின்றன, குழம்பு இளக்கமாக இருந்தால் வாயு எளிதாக வெளியேறிவிடும், அது வழிந்து ஓடும் என்று மூச்சுவிடாமல் சொன்னான். அப்புறம் பேனாவை எடுத்தான். வெகுநேரம் கழித்து நோட்டில் இருந்தது மூன்று வரி. "எரிமலை வெடித்தது. அது சூடாக இருந்தது. மக்கள் ஓடினார்கள்." பிழை ஒன்றுமில்லை.

பிழை ஏன் இல்லை என்று யாராவது கேட்டீர்களா? எழுதும்போது நடுவில் என்னிடம் கேட்டான்: "அம்மா, அழுத்தத்துக்கு வேற சொல்லு இருக்கா? ழ வருமா ள வருமான்னு தெரியல." வேறு சொல் கிடைக்காததால் அந்தக் கருத்தையே விட்டுவிட்டான். தனக்கு எழுதத் தெரிந்த சொற்களுக்குள் அடங்கும் அளவுக்குத் தன் சிந்தனையைச் சுருக்கிக்கொள்ளக் கற்றுக்கொண்டிருக்கிறான். அந்த மூன்று வரியைத் திருத்தியவர் எழுத்துப் பிழை இல்லை என்று மதிப்பெண் போட்டார். கீழே, 'இன்னும் முயற்சி தேவை' என்று சிவப்பு மையில் எழுதினார். எழுத்துத் திறன் வயதுக்கு ஏற்ற அளவில் இருப்பதாக உங்கள் அறிக்கை சொல்வதும் இதே போன்ற வரிகளை வைத்துத்தான்.

இப்போது வகுப்பில் கை தூக்குவதையும் குறைத்துவிட்டான். நன்றாகப் பதில் சொன்னால், "வாயில் இவ்வளவு வருகிறதே, கையில் ஏன் வரவில்லை?" என்று கேட்கிறார்களாம். பேசாமல் இருந்தால் அந்தக் கேள்வி வராது. இதைத்தான் சிறப்பு உதவி தேவைப்படாத பிள்ளை என்கிறீர்கள்.

படிப்பதும் இப்படித்தான். கதைப் பத்தியைக் கொடுத்தால் தெரிந்த நாலு சொல்லைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைத் தன் பொது அறிவால் ஊகித்து, கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லிவிடுவான். பொருளே இல்லாத சொற்களைக் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லியிருந்தால், நேரம் குறித்துப் படிக்க வைத்திருந்தால், உண்மை வெளியே வந்திருக்கும். அந்தச் சோதனைகள் செய்யப்படவில்லை. ஏன் என்று கேட்டேன். மொத்த மதிப்பெண் சராசரியாக இருப்பதால் மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை என்றார்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒற்றைக் கூட்டு மதிப்பெண்ணை வைத்துக் கோப்பை மூடாதீர்கள். உட்பிரிவுகளுக்கு இடையே பெரிய இடைவெளி தெரிந்தால், அதற்கான காரணத்தைத் தேடி, எழுத்தில் தாருங்கள்.

இதற்கான வழி உங்கள் கைவசமே இருக்கிறது. நீங்கள் பயன்படுத்திய, பிள்ளைகளுக்கான வெக்ஸ்லர் அறிவுத்திறன் சோதனையின் ஐந்தாம் பதிப்பு, 2014இல் வந்தது, ஐந்து திறன்களுக்குத் தனித்தனி மதிப்பெண் தருகிறது. கூட்டு மதிப்பெண் ஏழு உட்சோதனைகளிலிருந்து வருகிறது. அவற்றில் எண்களை நினைவில் வைத்துத் திரும்பச் சொல்வதையும், குறியீடு எழுதும் வேகத்தையும் விட்டுவிட்டு, மீதி ஐந்தை வைத்துப் பொதுத்திறன் குறியீடு என்ற தனி மதிப்பெண் ஒன்றைக் கணக்கிடலாம். கட்டைகளை அடுக்கும் சோதனைக்கு, வேகத்துக்கான கூடுதல் புள்ளி இல்லாத மதிப்பெண்ணும் உண்டு. இதெல்லாம் பெற்றோர் கண்டுபிடித்த குறுக்குவழி இல்லை, சோதனையைத் தயாரித்தவர்களே தந்திருப்பது. என் மகனின் அறிக்கையில் இரண்டுமே இல்லை.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநலக் குறைபாடுகளை இனங்காண உதவும் டிஎஸ்எம் 5 கையேட்டையும் நீங்கள் படித்திருப்பீர்கள். மீத்திறன் உள்ளவர்களுக்கும் கற்றல் குறைபாடு இருக்கலாம், மிகக் கடுமையான உழைப்பாலும் மாற்று உத்திகளாலும் அவர்கள் போதுமான மதிப்பெண் எடுத்துக் காட்டலாம், பாடச்சுமை கூடும்போதோ நேரக்கட்டுப்பாடுள்ள தேர்வு வரும்போதோதான் குறைபாடு தெரியவரலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அப்படியிருந்தும் மதிப்பெண் போதுமானது என்ற காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறீர்கள். மதிப்பெண்ணைப் பார்க்கிறீர்கள், அதை எடுக்க அந்தப் பிள்ளை என்ன விலை கொடுக்கிறான் என்று பார்ப்பதில்லை. பள்ளி விட்டு வந்து பையைக்கூடக் கழற்றாமல் சுருண்டு படுத்துவிடுகிறான். அந்தச் சோர்வை எழுத உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் கிடையாது.

பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. தனிப்பயிற்சி கேட்டால் பிள்ளை ஃபெயில் ஆகவில்லையே என்கிறீர்கள். மீத்திறன் வகுப்பு கேட்டால் எழுத்துத் தேர்வில் மதிப்பெண் போதவில்லை என்கிறீர்கள். அப்படியானால் இந்தப் பிள்ளை உதவி பெற முதலில் தோற்க வேண்டுமா? தோற்கும் வரை காத்திருந்து, அதற்குள் படிப்பையே வெறுத்துவிட்டால், அப்போது அதற்கும் ஒரு பெயர் வைப்பீர்கள்: அக்கறையில்லாத மாணவன். பிரான்சில் ஆல்ஃபிரெட் பினேவும் தியோடோர் சிமோனும் 1905இல் தங்கள் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கியது, வழக்கமான வகுப்பில் தடுமாறும் பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்களுக்கு ஏற்ற கல்வி தருவதற்காக. உதவி கொடுக்கத் தொடங்கிய ஒரு முறையை உதவி மறுக்கும் காரணமாக மாற்றிவிட்டதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

சரி, கோபம் இருக்கட்டும். உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். ஒரு பிள்ளைக்கு ஒதுக்கப்படும் நேரம் குறைவு, காத்திருப்போர் பட்டியல் நீளம். என் மகனைப் பரிசோதித்தவர் அவனிடம் அன்பாகத்தான் நடந்துகொண்டார். எரிமலையைப் பற்றி அவன் பேசியதை முழுதாகக் கேட்டதாகச் சொன்னான். கேட்டதை அறிக்கையில் இரண்டு வரி எழுதியிருந்தால் இந்த மடலுக்கே தேவை இருந்திருக்காது.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். கூட்டு மதிப்பெண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். என் மகனின் கோப்பைத் திரும்பத் திறந்து, பொதுத்திறன் குறியீட்டைக் கணக்கிட்டுத் தாருங்கள். முழுச் சோதனையையும் இவ்வளவு சீக்கிரம் மறுபடி வைக்க முடியாது என்று அறிவேன், அது வேண்டாம். செய்யாமல் விட்ட வாசிப்பு, எழுத்துச் சோதனைகளை மட்டும் செய்யுங்கள். அவன் எழுதியதையும், அதே விஷயத்தை அவன் வாயால் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைபாடு இருந்தால் அதன் பெயரைச் சொல்லுங்கள், திறன் இருந்தால் அதையும் சொல்லுங்கள், இரண்டும் ஒரே அறிக்கையில் இருக்கட்டும். பள்ளி அதைப் பார்த்து, தேர்வில் கூடுதல் நேரமும், தட்டச்சு செய்தோ வாய்மொழியாகவோ பதில் தரும் அனுமதியும் கொடுக்கட்டும். அவனுடைய அறிவுக்குத் தீனி போடும் பாடங்களையும் அதோடு சேர்த்தே கொடுக்கட்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றைப் பிடுங்க வேண்டாம்.

அடுத்த வகுப்புக்கான முடிவுகள் எடுக்கப்படும் முன் திருத்திய அறிக்கை கிடைத்தால் உதவியாக இருக்கும். எந்த நாளில் வரச் சொன்னாலும் அவனை அழைத்து வருகிறேன். அவனுடைய நோட்டுகளையும் கொண்டு வருகிறேன்.

நன்றியுடன்,
ஒரு தாய்