இருட்டில் 73 நாள்

ஜான்சிபார், தான்சானியா
21-2-2010, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நான் நலம். அங்கே எல்லோரும் நலமா? நீ சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதிய கடிதம் போன புதன்கிழமைதான் கைக்கு வந்தது. பொங்கல் முடிந்த வாரம் போட்டிருக்கிறீர்கள். 'நாள் கிழமைக்குக்கூட ஒரு போன் போடத் தோணலையாடா' என்ற வரியை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு அம்மா. மறந்துவிட்டான் என்று மட்டும் நினைக்காதே.

டிசம்பர் 10-ம் தேதி இங்கே கரண்ட் போனது. இன்றோடு 73 நாள். இன்னும் வரவில்லை. எதிர்க்கரையிலிருந்து கடலுக்கு அடியில் கேபிள் போட்டுத்தான் இந்தத் தீவுக்குக் கரண்ட் கொண்டுவருகிறார்கள். 1980-ல் போட்டது. அந்த ஒரே கேபிள் போனால் தீவு முழுக்க இருட்டு. நான் வருவதற்கு முன்னால், 2008 மே மாதமும் இப்படி ஆகி, ஒரு மாதம் கஷ்டப்பட்டார்களாம். தம்பி அங்கே தினம் 2 மணி நேரம் கரண்ட் கட் என்று குறைப்பட்டு எழுதியிருந்தான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஜெனரேட்டர் இருக்கும் கடையில் போனைக் கொடுத்துத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஒரு தடவைக்கு 500 ஷில்லிங், நம்ம காசுக்கு 17 ரூபாய். அதனால் போனை அணைத்தே வைத்திருக்கிறேன். கடிதமாவது எழுதியிருக்கலாம். தப்புதான்.

ஊரை நீ பார்க்க வேண்டும். ஸ்டோன் டவுன் என்கிற பழைய நகரத்தில் நம் மாட்டு வண்டிகூட நுழைய முடியாத சந்துகள். பகலில் ஒவ்வொரு கடை வாசலிலும் சின்ன ஜெனரேட்டர் தடதடவென்று ஓடும், புகையில் கண் எரியும். குழாயில் தண்ணீரும் இல்லை, மோட்டார் ஓடினால்தானே தண்ணீர் ஏறும். மஞ்சள் கேன்களைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் கிணறு கிணறாக அலைகிறார்கள். நானும் காலையில் வேலைக்குப் போகும் முன் நாலு கேன் சுமக்கிறேன். பொங்கல் சமயத்தில் கிணற்றங்கரை வரிசையில் நிற்கும்போது நம் வீட்டு ராட்டினச் சத்தம் காதில் கேட்ட மாதிரி இருந்தது.

மாட்டுப் பொங்கல் அன்றைக்குச் சூரிய கிரகணம் வந்ததே, இங்கேயும் காலையிலேயே தெரிந்தது. அங்கே மத்தியானம் பிடிக்கும் என்று தெரியும். லட்சுமியைக் கட்டுத்தறியில் கட்டிவிட்டு அப்பா வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்திருப்பார். அதைத்தான் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமைதோறும் ஜம்பியானிக்குப் போகிறேன். தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் கிராமம். எங்கள் ஹோட்டல் முதலாளிக்கு அங்கே ஒரு சின்ன விடுதி உண்டு. கணக்குப் பார்க்கவும் டீசல் கொண்டுபோய்ச் சேர்க்கவும் நான்தான் போக வேண்டும். நம் மினி லாரிக்குக் கூரை போட்டு, உள்ளே இரண்டு பக்கமும் பலகை அடித்த மாதிரி ஒரு வண்டி, பெயர் டாலாடாலா. 309-ம் நம்பர் ஏறினால் இரண்டு மணி நேரம். கூரைமேல் விறகு, மெத்தை, சைக்கிள். உள்ளே முட்டிக்கு முட்டி இடிக்க ஜனங்கள்.

நேற்று டீசல் கேனோடு ஒரு பாளம் ஐஸும் எடுத்துப் போனேன். மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றியிருந்தேன். குரங்குகள் நிறைந்த ஜொசானி காட்டைத் தாண்டுவதற்குள் உருகி வழிய ஆரம்பித்துவிட்டது. எதிரே இருந்த பெரியவர் கால்மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பயந்துகொண்டு 'போலே' என்றேன். இந்த ஊரில் வருத்தத்துக்கும் ஆறுதலுக்கும் அந்த ஒரு வார்த்தைதான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நீட்டிக்கொண்டார். ஒரு குழந்தை சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு சில்லு உடைத்துக் கழுவிக் கொடுத்தேன். இந்தக் கையிலும் அந்தக் கையிலும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, கரைந்து முடியும்வரை வாயில் போடவேயில்லை. இறங்கும்போது பாதிப் பாளம் மிச்சம். விடுதியில் மீனுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஜம்பியானியில் கடல் வற்றினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போய்விடுகிறது. பெண்கள் முழங்கால் தண்ணீரில் குச்சி நட்டுக் கயிறு கட்டிக் கடல்பாசி வளர்க்கிறார்கள். நம் நாற்றங்காலில் குனிந்து நிற்பது போலவேதான் இருக்கும், பாட்டுகூட உண்டு. பொழுது சாய்ந்தால் கும்மிருட்டு. கரை முழுக்க ஒரு பல்பு கிடையாது. தென்னந்தோப்பு மட்டும் சலசலவென்று இரைந்துகொண்டே இருக்கும்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஹோட்டலில் மதியம் வயிறாரச் சாப்பிட்டுவிடுகிறேன், ராத்திரிக்கு அதுவே போதும். அப்புறம் பக்கத்து வீட்டு பீபி இருக்கிறார். பீபி என்றால் பாட்டி. எனக்கு சுவாஹிலி அரைகுறைதான், அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. ஒரு மணி நேரம் பேசிவிட்டு, நான் தலையாட்டினால் சந்தோஷமாகப் போவார். 'ஷிக்காமோ' என்று முதலில் நான் வணக்கம் சொல்லாவிட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சாயங்காலமானால் கரி அடுப்பில் விட்டும்புவா சுடுகிறார். அம்மா, அது நம் குழிப்பணியாரமேதான்! ஊறவைத்து அரைத்த அரிசி, தேங்காய்ப் பால், ஏலக்காய், அதே குழி, அதே ஊசியால் திருப்புவது. என் வயிற்றைத் தொட்டுக் காட்டித் திட்டிவிட்டு நாலு கொடுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

போன வாரம் அவர் வாசலில் உட்கார்ந்து அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே 'ஹா' என்று ஊதினார், பழைய பேப்பரைச் சுருட்டி நுழைத்தார், ஒரு திருகு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மறுபடி ஒரு திருகு. அப்பாயி செய்கிற மாதிரியே. மண்ணெண்ணெய் வாடை வேறு. நானும் தங்கச்சியும் விளக்குக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்து படிக்க, நடுவில் அப்பாயி விசிறிக்கொண்டிருந்த ராத்திரி அப்படியே வந்து நின்றது. அடக்க முடியவில்லை அம்மா. பீபி ஒன்றும் கேட்கவில்லை. விளக்கை ஏற்றி என் பக்கம் நகர்த்தி வைத்தார். இந்த மாதங்களில் அடிக்கிற வடகிழக்குக் காற்றுக்கு இங்கே கஸ்காசி என்று பெயர். அந்தக் காலத்தில் நம் நாட்டிலிருந்து பாய்மரக் கப்பல்களை இங்கே தள்ளிக்கொண்டு வந்த காற்று அதுதானாம். அது உங்கள் ஊர்க் காற்று என்று கையால் காட்டிச் சொன்னார். அன்றிலிருந்து ஜன்னலைச் சாத்துவதே இல்லை.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பேராவூரணி வரனைப் பற்றி எழுதியிருந்தாய். பையன் நல்ல பையன் என்று பெரிய மாமாவே சொன்னால் அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது. பங்குனியில் நிச்சயம் வையுங்கள். கல்யாணத்தை மட்டும் சித்திரையில் வேண்டாம், ஆவணிக்குத் தள்ளச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால், அண்ணன் வந்து பந்தலில் நிற்க ஆசைப்படுகிறான் என்று சொல்லுங்கள். அது சத்தியமான வார்த்தை. இந்த மாதம் பணம் கொஞ்சம் தாமதமாகும். கரண்ட் வந்ததும் முதலாளி எல்லாவற்றையும் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் கரண்ட் வந்துவிடும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள்.

அப்பாவிடம் கட்டாயம் சொல். நகைக்காகக் கீழத்தோப்பை ஒத்திக்கு வைக்கவே கூடாது. மேலவீட்டுச் சித்தப்பா வந்து கேட்டாலும் பத்திரத்தை வெளியில் எடுக்க வேண்டாம். மிஞ்சிப்போனால் இந்த வருஷத்துக் காய்ப்பை மட்டும் குத்தகைக்குக் கொடுக்கட்டும். தங்கச்சி, இந்த வரியை அப்பாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டு.

அப்பா கொடுத்த வாட்ச் ஓடுகிறதா என்று கேட்டிருந்தார். இங்கே காலை 7 மணியைத்தான் ஒரு மணி என்கிறார்கள், நம் நாழிகைக் கணக்கு மாதிரி பொழுது விடிந்ததிலிருந்து எண்ணுகிறார்கள். அதனால் இப்போது வாட்ச் கட்டுவதில்லை.

தம்பிக்கு மார்ச்சில் பரீட்சை. பரணில் அப்பாயியின் விளக்கு இருக்கும், இறக்கித் துடைத்து, புதுத் திரி போட்டுக் கொடு. அம்மா, உன் முழங்காலுக்குத் தைலம் தடவுகிறாயா? லட்சுமி கன்று போட்டதும் காளையா கிடாரியா என்று எழுதச் சொல்.

நாளைக்கு மும்பை போகும் குஜராத்தி சேட்டிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன், அங்கிருந்து தபாலில் போடுவார். பதிலை ஹோட்டல் விலாசத்துக்கே எழுதுங்கள். எண்ணெய் தீரப் போகிறது, பீபியின் விளக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

உன் அன்பு மகன்