கொறங்காட்டின் உள்வேலிகளை எடுத்துவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் கொறங்காடுகளில், அதாவது வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலங்களில், கிளுவை முட்செடி வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்கால் நட்டுக் கம்பி இழுப்பது பெருகிவருகிறது. கூடவே காட்டைத் துண்டுகளாகப் பிரிக்கும் உள்வேலிகளையும் எடுத்துவிட்டு ஒரே காடாக்கிவிடுகிறார்கள். இங்கே மேய்ச்சலுக்கு ஆதாரமான கொழுக்கட்டைப்புல் அழிவதற்கு மழைக்குறைவைவிட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறோம்.

காடு முழுக்கத் திறந்து கிடந்தால் ஆடும் மாடும் பரவலாக மேயாது. நாலு நாள் முன்பு கடித்த புல்தூரில் துளிர் வந்ததும் அதையே தேடிப்போய்க் கடிக்கும். கடிபட்ட தூர், சேர்த்துவைத்த சத்தைச் செலவழித்துத்தான் துளிர்க்கிறது. அது திரும்பச் சேர்வதற்குள் இரண்டு மூன்று கடி வாங்கினால் வேர் சுருங்கி, அடுத்த கோடையில் தூரே காய்ந்துபோகும். அந்த இடத்தைப் பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் பிடித்துக்கொள்ளும். உருப்படியை (ஆடுமாட்டின் எண்ணிக்கையை) குறைத்தாலும் இது நிற்காது; பத்து மாடு சீக்கிரம் செய்வதை இரண்டு மாடு மெதுவாகச் செய்யும்.

ஜிம்பாப்வேயின் சூழலியலாளர் ஆலன் சேவரி சொல்லும் முழுமை நில மேலாண்மையும் எத்தனை உருப்படி என்பதோடு எத்தனை நாள் மேய்ச்சல், எத்தனை நாள் ஓய்வு என்று பார்க்கச் சொல்கிறது. அதனால் பாலைவனமே பசுமையாகும் என்ற அவருடைய வாதத்தை ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. ஆனால் கடிபட்ட புல்லுக்கு ஓய்வு வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. கொங்கு நாட்டு உள்வேலி அதற்காகத்தான் இருக்கிறது.

காட்டை நான்காகப் பிரித்தால் மழைக்காலத்தில் துண்டுக்கு 7 நாள் மேய்ச்சல், 21 நாள் ஓய்வு கிடைக்கும். கோடையில் துளிர்ப்பு மிகவும் மெதுவாவதால் 14 நாள் மேய்த்து 42 நாள் விட வேண்டும். நாள் கணக்கு ஓர் அளவுக்குத்தான். புல்லைப் பார்த்தே படலைத் திறக்க வேண்டும். முழங்கால் உயரம் வந்ததும் உள்ளே விட்டு, அரைச்சாண் அடிக்கட்டை நிற்கும்போதே வெளியேற்றிவிட வேண்டும். முதலில் மாடு, பின்னால் செம்மறி. செம்மறி தரையொட்டிக் கடிக்கும் என்பதால் அதை ஓரிரு நாளுக்குமேல் நிறுத்தக் கூடாது. தண்ணீர்த்தொட்டியை நான்கு துண்டும் சேரும் இடத்தில் வையுங்கள். ஒரு மூலையில் வைத்தால் அந்த மூலை மிதிபட்டு இறுகி, மழைநீர் இறங்காது.

தூர் போன இடத்தில் ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ கொழுக்கட்டை விதை ஐப்பசி மழையோடு போதும். புதிதாக அறுத்த விதைக்கு உறக்கம் உண்டு, உடனே முளைக்காது; ஆறு மாதம் வைத்திருந்ததையே விதைக்க வேண்டும். ஆழமாக மூடினாலும் முளைக்காது. மேலாகத் தூவி, அதன்மேல் முள்கிளையை இழுத்துவிட்டால் சரி. மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை முயல்மசால் என்ற பயறுவகைத் தீவனச்செடி சேர்த்தால் தீவனத்தில் புரதம் கூடும். அதன் விதைத்தோல் கெட்டி. 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைக்க வேண்டும். முளைத்த முதல் வருடம் கதிர் முற்றி விதை உதிரும்வரை உருப்படி விடக் கூடாது.

தீவன மானியம் வகுப்பவர்கள் பாசனத் தீவனத்தோடு நின்றுவிடாமல், மானாவாரிக் கொறங்காட்டுக்கும் கொழுக்கட்டை விதையும் வேலிக்கு நடும் கிளுவைப் போத்தும் தர வேண்டும். உள்வேலி இல்லாத காட்டில் விதைத்த புல் தாங்காது என்பதால் முதல் தொகை வேலிக்கே போகட்டும்.

– கொறங்காட்டு விவசாயிகள் சிலர், மூலனூர்