1973 டிசம்பர் 15 வாரப் பெட்டி: நீங்கள் கேட்டவற்றுக்கு எங்கள் பதில்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த வருட டிசம்பர் பெட்டி, அதாவது 1973 டிசம்பரில் ஒரு வாரம் பிரிட்டனில் அதிகம் விற்ற பழைய இசைத் தட்டுகளின் தொகுப்பு, தயாராகிவிட்டது. முன்பணம் கட்டியவர்களுக்கு முதலில் அனுப்புகிறோம், மற்றவர்களுக்கு அடுத்தடுத்து வரும். பெட்டியில் என்ன இருக்கிறது என்று அறிவித்த நாளிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஏன் ஒரே ஒரு வாரம், ஏன் ஒரே பாட்டின் இரண்டு தட்டுகள் இரண்டு மாதிரி இருக்கின்றன, ஏன் ஒரு பாட்டு மட்டும் இல்லை, இப்படி. தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஒரே மடலில் சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் தட்டு கைக்கு வருவதற்கு முன்னால் இதைப் படித்திருந்தால் கேட்கும்போது இன்னும் நன்றாக இருக்கும்.

பிரிட்டனின் சிங்கிள்ஸ் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறிய தட்டுகள்) விற்பனைத் தரவரிசையில் 1973 டிசம்பர் 15 தேதியிட்ட வாரத்தை எடுத்திருக்கிறோம். "எழுபதுகளின் சிறந்த பாட்டுகள்" என்று போட்டால் இன்னும் வேகமாக விற்கும் என்று பலரும் சொன்னார்கள். விற்கலாம். ஆனால் அந்த மாதிரித் தொகுப்பு பிற்பாடு யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுத்தது. எது நல்ல பாட்டு என்று காலம் முடிவு செய்த பிறகு வருவது. ஒரு வாரத்துப் பட்டியல் அப்படியில்லை. அந்த ஏழு நாளில் காசு கொடுத்து வாங்கியவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள், பேரனுக்கு வாங்கிய பாட்டியும், ராக்சி மியூசிக் என்ற ராக் குழுவைக் கேட்கும் கல்லூரி மாணவனும், இளம் பாடகர் டானி ஆஸ்மண்ட் படத்தைச் சுவரில் ஒட்டிய பள்ளிச் சிறுமியும். இந்த வாரத்தையே பாருங்கள். ஆஸ்மண்ட் குடும்பத்திலிருந்து மட்டும் மூன்று தட்டுகள்: அண்ணன்மார் குழுவுடையது ஒன்று, டானியுடையது ஒன்று, அப்போது 14 வயதான தங்கை மேரி பாடிய "பேப்பர் ரோசஸ்" ஒன்று. அதே பட்டியலில் ராக்சி மியூசிக்கின் "ஸ்ட்ரீட் லைஃப்", மாட் த ஹூப்பிளின் "ரோல் அவே த ஸ்டோன்", அப்புறம் அறுபதுகளின் தொடக்கத்தில் ஷேன் ஃபென்டன் என்ற பெயரில் பாடிவிட்டு மறந்துபோயிருந்த ஒருவர் கறுப்புத் தோலாடையோடு ஆல்வின் ஸ்டார்டஸ்ட்டாகத் திரும்பி வந்து பாடிய "மை கூ கா சூ". இவையெல்லாம் ஒரே கடையின் ஒரே மேசைமேல் ஒரே சனிக்கிழமை விற்றவை. எங்களுக்கு அந்தக் கலவைதான் பிடித்திருக்கிறது.

அந்தப் பட்டியல் எப்படித் தயாரானது என்று தெரிந்தால் இந்த வாரம் ஏன் விசேஷம் என்று புரியும். 1969 பிப்ரவரியிலிருந்து இந்தக் கணக்கை எடுத்தது பி.எம்.ஆர்.பி. என்ற சந்தை ஆய்வு நிறுவனம். பிபிசியும் இசை வணிகப் பத்திரிகையான ரெக்கார்ட் ரீட்டெய்லரும் சேர்ந்து அதற்கு ஏற்பாடு செய்திருந்தன. நாடெங்கும் சுமார் 300 கடைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விற்பனைக் குறிப்பேடு கொடுத்தார்கள். ஒரு தட்டு விற்றால் கடைக்காரர் அதைக் கையால் குறித்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை கடை மூடியதும் குறிப்பேட்டைத் தபாலில் அனுப்ப வேண்டும். அது துளை அட்டைகளில் ஏறி, கணினியில் கணக்காகி, செவ்வாய்க்கிழமை பிபிசியின் ‘ரேடியோ 1’ வானொலியில் முதல் 50 இடங்களாக வெளியே வரும். பத்திரிகையில் அச்சாகும்போது அந்த வாரக் கடைசியின் சனிக்கிழமை தேதி போடுவார்கள்.

எல்லாமே தபாலை நம்பி இருந்த ஏற்பாடு. 1971 ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை பிரிட்டனில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது குறிப்பேடுகள் வரவே இல்லை. தொலைபேசியில் கேட்டு எழுதிப் பார்த்தார்கள், பட்டியலையும் 40 இடங்களாகக் குறைத்தார்கள். 1973 வாக்கில் மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பியே கணக்கை வாங்கத் தொடங்கிவிட்டார்கள். தபாலில் தட்டு அனுப்பிப் பிழைக்கும் கடை என்பதால் அந்தக் கவலை எங்களுக்கு நன்றாகவே புரிகிறது.

இப்போது தேதிகளைப் பாருங்கள். டிசம்பர் 15 தேதியிட்ட பட்டியல் செவ்வாய் 11-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. அதில் வந்த விற்பனை, சனிக்கிழமை 8-ஆம் தேதியோடு முடிந்த வாரத்துடையது. ஸ்லேட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் "மெர்ரி கிறிஸ்மஸ் எவ்ரிபடி" வெளியானது வெள்ளிக்கிழமை 7-ஆம் தேதி. அதாவது வெள்ளி, சனி என்று இரண்டே நாள் விற்பனையை வைத்து, வாரம் முழுக்க விற்ற மற்ற எல்லாத் தட்டுகளையும் தாண்டி நேராக முதலிடத்தில் நுழைந்திருக்கிறது! கடைகள் முன்கூட்டியே கேட்டிருந்ததே 5 லட்சம் தட்டுகள் என்பார்கள். ஆனால் அந்த முன்பதிவு பட்டியலில் சேராது. கடை மேசையைத் தாண்டி ஒருவர் கைக்குப் போனதுதான் குறிப்பேட்டில் ஏறும். அதனால் அந்த இரண்டு நாளும் கடைகளில் என்ன கூட்டம் இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கும்போது, கடை நடத்துகிறவர்கள் என்ற முறையில் எங்களுக்குக் கொஞ்சம் ஏக்கமாகவே இருக்கிறது. ஸ்லேடுக்கு இது புதிதும் இல்லை. அதே வருடத்தில் அதற்கு முன்பே இரண்டு தட்டுகள் நேராக முதலிடத்தில் நுழைந்திருந்தன. 1969-இல் பீட்டில்ஸுக்குப் பிறகு வேறு யாருக்கும் வாய்க்காதிருந்ததை அவர்கள்தான் 1973 தொடக்கத்தில் மறுபடி செய்து காட்டினார்கள்.

கொண்டாட்டமான பாட்டு என்றுதான் கேட்கிறோம், ஆனால் அது பதிவான சூழ்நிலை வேறு. அந்த வருடம் ஜூலை 4 அன்று நடந்த கார் விபத்தில் டிரம்ஸ் வாசிப்பவரான டான் பவல் மரணத்தின் விளிம்புவரை போய் வந்தார். அவருடைய காதலி அந்த விபத்தில் இறந்துபோனார். பிழைத்து எழுந்தவருக்கு நினைவு நிற்கவில்லை, வாசிக்க வேண்டியதே மறந்துபோகும். அந்த நிலையில் அவரை அழைத்துக்கொண்டு நியூயார்க் போய், ரெக்கார்ட் பிளாண்ட் ஸ்டூடியோவில், கோடை வெயிலில், கிறிஸ்துமஸ் பாட்டைத் துண்டு துண்டாகப் பதிவு செய்தார்கள். சேர்ந்து பாடும் பகுதியைக் கட்டடத்தின் நடைவழியில் நின்று பாடினார்கள், எதிரொலி நன்றாக வந்தது என்பதற்காக. தட்டு வந்ததும் டிரம்ஸை மட்டும் ஒருமுறை தனியாகக் கவனித்துக் கேளுங்கள் என்பது எங்கள் வேண்டுகோள்.

பெட்டியில் எங்களுக்கு மிகவும் பிடித்தது அதுவல்ல. ராய் உட்டின் விசர்ட் குழு பாடிய "ஐ விஷ் இட் குட் பி கிறிஸ்மஸ் எவ்ரிடே". நாலாம் இடத்துக்கு மேலே அது போகவில்லை. ஸ்லேட் இல்லாத வேறொரு வருடத்தில் வந்திருந்தால் முதலிடம் பிடித்திருக்கும் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். பர்மிங்காம் ஸ்டாக்லண்ட் கிரீன் பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் லண்டனுக்கு வரவழைத்துப் பாட வைத்திருக்கிறார்கள். அந்தக் குரல்கள் வரும்போது, பின்னால் மணியும் கொம்பும் டிரம்ஸும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பது எல்லாம் அந்தப் பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தவே என்று தோன்றும். வேறு யாரும் அப்போது இவ்வளவு நெரிசலாக ஒரு சிங்கிளைக் கட்டவில்லை.

இந்தத் தட்டைப் பற்றித்தான் அதிகமான கேள்விகள். "உறையில் யாரோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்களே, கிழித்துவிடலாமா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து கிழிக்காதீர்கள். ராய் உட் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு மாறிவிட்டார் என்று நினைத்து அவர்கள் பெயரில் உறை அச்சாகிவிட்டது. அப்புறம்தான் இ.எம்.ஐ. நிறுவனத்தின் ஹார்வெஸ்ட் பிரிவோடு இருந்த ஒப்பந்தம் முடியவில்லை என்று தெரிந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்ததால் அச்சான உறைமேலேயே ஹார்வெஸ்ட் ஸ்டிக்கரை ஒட்டி விற்றார்கள். அந்த ஸ்டிக்கரோடு இருப்பதுதான் 1973-இன் முதல் பதிப்புக்கு அடையாளம், விலை சற்று கூடுதலாக இருப்பதும் அதனால்தான். உறை இல்லாமல் வாங்குகிறவர்கள் தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளில் உள்ள எண்ணைப் பாருங்கள். ஹெச்.ஏ.ஆர். 5079 என்று இருக்க வேண்டும். 1981-இல் மறுபடி வெளியிட நினைத்தபோது மூல நாடா கிடைக்காததால் ராய் உட் பாட்டையே வேறு பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் புதிதாகப் பதிவு செய்தார். அதன் எண் வேறு, குரல்களும் வேறு. இன்று பல இடங்களில் நம் காதில் விழுவது அந்தப் பிந்தைய பதிவுதான். இந்தப் பெட்டியில் போவது 1973-ஐச் சேர்ந்தது மட்டும்.

அடுத்தது தட்டின் தரம். இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறோம். 1973 இறுதியில் அச்சான பிரிட்டிஷ் சிங்கிள்கள் எல்லாம் ஒரே சீராக இருக்காது. அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் உற்பத்தியைக் குறைத்தன, விலை ஏறியது. தட்டு செய்யும் வினைல் பெட்ரோலியத்திலிருந்து வருவது, அதனால் மூலப்பொருளுக்கே தட்டுப்பாடு. தட்டுகளை மெல்லியதாக அச்சிட்டார்கள், விற்காத பழைய தட்டுகளை அரைத்துப் புதியதோடு கலந்தார்கள். அரைக்கும்போது பழைய லேபிளின் காகிதத் துணுக்கு ஏதாவது தங்கிவிட்டால் அது புதிய தட்டில் படபடப்பாகக் கேட்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. இன்னொரு பக்கம் நவம்பரிலிருந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் கூடுதல் நேர வேலையை மறுத்ததால் மின்சாரத்துக்கும் பஞ்சம். டிசம்பர் 13 அன்று, இந்தப் பட்டியல் வந்த அதே வாரத்தில், பிரதமர் எட்வர்ட் ஹீத் புத்தாண்டிலிருந்து தொழிற்சாலைகளுக்கும் வணிகத்துக்கும் வாரத்தில் மூன்று நாள்தான் மின்சாரம் என்று அறிவித்தார். 17-ஆம் தேதியிலிருந்து தொலைக்காட்சியும் இரவு 10.30-க்கே நின்றுவிட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் லட்சக்கணக்கில் தட்டு அச்சிட வேண்டியிருந்ததால் ஸ்லேடின் பாலிடார் நிறுவனம் பிரான்சில் உள்ள தன் ஆலையிலும் அச்சிட வேண்டிவந்தது.

அதனால் ஸ்லேட் பாட்டின் ஒரே பாலிடார் 2058 422 எண்ணில் உங்களுக்கு வருவதும் உங்கள் நண்பருக்கு வருவதும் எடையிலும் லேபிளின் தோற்றத்திலும் கொஞ்சம் மாறியிருந்தால் அது போலி இல்லை. இரண்டும் அந்தக் காலத்துத் தட்டுதான். நாங்கள் எல்லாத் தட்டுகளையும் கழுவி, இரண்டு பக்கமும் முழுக்க ஓட்டிக் கேட்டுவிட்டே பெட்டியில் வைக்கிறோம். மெல்லிய படபடப்பு இருக்கும் தட்டுகளை ஒதுக்கவில்லை, ஆனால் ஊசி தாவுகிற தட்டு, வளைந்த தட்டு எதுவும் வராது. வந்தால் திருப்பி அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம், தபால் செலவும் எங்களுடையது.

கடைசியாக, இல்லாத ஒன்றைப் பற்றி. ஸ்லேடுக்கு முந்தைய நாலு வாரமும் முதலிடத்தில் இருந்தது பாடகர் கேரி கிளிட்டரின் தட்டு. அது பெட்டியில் இல்லை. அவர் 1999-இல் பிரிட்டனிலும் 2006-இல் வியட்நாமிலும் சிறார்களுக்கு எதிரான குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார். 2015-இல் எழுபதுகளிலும் 1980-இலும் சிறுமிகளிடம் செய்தவற்றுக்காக 16 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். அந்தப் புகழ்தான் அவரை அந்தப் பிள்ளைகளிடம் கொண்டுபோய் விட்டது என்பதை மறந்துவிட்டு அவர் தட்டை விற்றுக் காசு பார்க்க எங்களுக்கு மனம் வரவில்லை. பழைய தட்டு விற்பதால் அவருக்கு ஒன்றும் போய்ச் சேராது என்று சிலர் வாதாடினார்கள். உண்மைதான், ஆனாலும் வேண்டாம். பெட்டியோடு வரும் பட்டியல் தாளில் அவர் பெயர் அதற்குரிய இடத்தில் அச்சாகியிருக்கிறது, ஏனென்றால் அந்த வாரம் நடந்ததை நாங்கள் மாற்றி எழுத விரும்பவில்லை. விலையில் அந்தத் தட்டைச் சேர்க்கவும் இல்லை.

தட்டுகள் எல்லாம் ஏழு அங்குலம், நிமிடத்துக்கு 45 சுற்று வேகம். புதிதாகப் பிளேயர் வாங்கியவர்கள் வேகப் பொத்தானை மாற்ற மறந்துவிடாதீர்கள். சூட்கேஸ் மாதிரி வரும் மலிவுப் பிளேயர்களில் ஊசியின் பாரம் அதிகம். பழைய தட்டைக் கீறிவிடும் என்பதால் அது மட்டும் இருப்பவர்கள் எங்களிடம் முதலில் பேசுங்கள், குறைந்த செலவில் என்ன செய்யலாம் என்று சொல்கிறோம்.

எந்தத் தட்டு யாருக்கு வேண்டாமோ அதைச் சொன்னால் எடுத்துவிட்டு விலையைக் குறைத்து அனுப்புவோம், முழுப் பெட்டியும் வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. முகவரி மாறியவர்கள் பெட்டி கிளம்புவதற்குள் தெரிவித்துவிடுங்கள்.

அன்புடன்,
கடையிலிருந்து நாங்கள்