பதினேழாம் அத்தியாயம் அப்படியேதான் இருக்கும், அண்ணா

அன்புள்ள அண்ணா,

நம் இருவர் பெயரிலும் வரவிருக்கும் இன்ஸ்பெக்டர் நாவலைப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன். அவர் தலையில் அடிபடும் பதினேழாம் அத்தியாயம் நீங்கள் எழுதியபடி அல்ல, நான் எழுதியபடியே போயிருக்கிறது. போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. என் வலைப்பூவை மட்டும் விடாமல் படிக்கிறீர்கள் என்று அண்ணி சொன்னார், அதனால் இங்கே எழுதுகிறேன். ஊரும் படிக்கும் என்பதால் சிலவற்றைத் தொடாமல் கடந்துபோவேன். அவை எவை என்று உங்களுக்குத் தெரியும். ஒன்றைத் தவிர.

உங்கள் வடிவத்தில் நம் இன்ஸ்பெக்டர் தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் கூடத்தில் கட்டையால் அடிபடுகிறார். இரவு முழுவதும் மயங்கிக் கிடக்கிறார். விடிந்ததும் எழுந்து, தலையை ஒருமுறை உதறிக்கொண்டு, ஜீப்பில் குஞ்சப்பனை வரை துரத்துகிறார். உங்கள் கதைகளில் மயக்கம் ஒரு மின்வெட்டு; கரண்ட் வந்ததும் எல்லாம் முன்புபோலவே ஓடத் தொடங்கிவிடும். நிஜத்தில் தலையில் அடிபட்டு நினைவு தப்புவது பெரும்பாலும் சில விநாடிகள்தான், மிஞ்சினால் ஒன்றிரண்டு நிமிடங்கள். அரை மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் மருத்துவர்கள் அதை லேசான காயமாகவே எண்ணுவதில்லை. இரவு முழுவதும் நினைவில்லாமல் கிடந்தவரைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். மலைப்பாதை வளைவுகளில் அவர் வண்டி ஓட்டமாட்டார்.

இதை நான் எங்கிருந்து எடுத்தேன் என்பதுதானே உங்கள் கோபம்?

ஐப்பசி மழை. கோத்தகிரிக்கு அதுதான் பெரிய மழை. கொழுந்து எடை போடும் கொட்டகைக்கு இறங்கும் படிகளில் பாசி. நீங்கள் முன்னால், நான் பின்னால். எதற்காக அவ்வளவு வேகமாக இறங்கினீர்கள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. கால் வழுக்கியது. விழுகிறவன் கையை ஊன்றுவான் என்று அதுவரை நினைத்திருந்தேன். நீங்கள் ஊன்றினீர்கள், ஆனால் கை நழுவி, தலையின் பக்கவாட்டு படிக்கல்லின் விளிம்பில் மோதியது. அந்தச் சத்தத்தை எழுத இன்னும் எனக்குச் சொல் கிடைக்கவில்லை, அத்தியாயத்திலும் விட்டுவிட்டேன்.

அடுத்த நொடி உங்கள் கைகள் விறைத்தன. ஒன்று மடங்கி, ஒன்று நீண்டு, எதையோ தடுப்பதுபோல அந்தரத்தில் நின்றன. பிறகு துவண்டு விழுந்தன. கண்கள் பாதி திறந்திருந்தன, உள்ளே வெள்ளை மட்டும் தெரிந்தது. குறட்டைபோல ஒரு மூச்சு. கதைகளில் மயங்கியவர்கள் அழகாகக் கண்மூடிக் கிடப்பார்கள். நீங்கள் அப்படிக் கிடக்கவில்லை, அண்ணா. கொட்டகையிலிருந்து ஓடிவந்தவர்கள் வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவியைத் திணித்தார்கள், ஒருவர் சோடாவை உடைத்து வாயருகே கொண்டுவந்தார். நான் கத்தினேன். வாயில் எதையும் ஊற்றவிடவில்லை. கழுத்து திரும்பாமல் தலையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு அடைக்காமலிருக்க உங்களை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கண் விழித்தீர்கள். “மழை விட்டுவிட்டதா?” என்று கேட்டீர்கள். மழை உங்கள் முகத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. இல்லை என்றேன். தலையை ஆட்டினீர்கள். கொஞ்ச நேரத்தில் அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தோடு, “மழை விட்டுவிட்டதா?” ஜீப்பில் ஏற்றும்போதும் அதே கேள்வி, வாந்தி எடுத்துவிட்டு நிமிர்ந்ததும் அதே கேள்வி. ஒவ்வொரு முறையும் முதல்முறை கேட்பதுபோலவே கேட்டீர்கள். மயங்கிக் கிடந்தபோது வராத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது.

நடுவில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். அந்தப் பெயர் அத்தியாயத்தில் இல்லை, இங்கேயும் இல்லை. நேரில் கேட்டால் சொல்வேன்.

மருத்துவமனையில் கிழமை கேட்டார்கள், ஊர் கேட்டார்கள். ஊரைச் சரியாகச் சொன்னீர்கள், கிழமை தெரியவில்லை. அடிபட்டவருக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று அளக்க, 1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னெட் என்ற மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் ஒன்று இருக்கிறது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6, மொத்தம் 15. எதற்குமே அசையாதவருக்கும் 3 உண்டு. 8 அல்லது அதற்குக் கீழே போனால் அது கோமா. உங்களுக்குப் பேச்சில் ஒன்றைக் குறைத்து 14 போட்டார்கள். அந்த ஒரு மதிப்பெண்ணுக்காகத்தான் ஸ்கேன் எடுக்கக் கீழே கோவைக்குப் போனோம்.

அந்த வழியெல்லாம் உங்களைத் தூங்காமல் பார்த்துக்கொண்டேன். எரிந்து விழுந்தீர்கள். நெற்றிப்பொட்டுப் பக்கம் எலும்பு மெலிது, உள்ளே ஒரு தமனி ஓடுகிறது. அது கிழிந்தால், விழித்து நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிற ஆள் சில மணி நேரத்தில் மெல்ல மெல்ல நினைவிழந்துவிடுவார். அடிபட்டவன் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, ஒன்றுமில்லை என்று தேநீர் குடிக்கிறான். மருத்துவமனையோ மலைக்குக் கீழே இருக்கிறது. நம் ஊரில் எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய கதை வேண்டுமா? நீங்களோ இத்தனை ஆண்டுகளாக அந்த மணிநேரங்களை வெட்டி எறிந்துவிட்டு விடியற்காலைக்குத் தாவுகிறீர்கள்.

குன்னூர்க் கூட்டத்தில், “நான் மயங்கவே இல்லை, இவள் கதை கட்டுகிறாள்” என்று சொன்னீர்களாம். பொய் சொன்னீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த நிமிடங்களையும், அதற்குச் சற்று முந்தியவற்றையும், மூளை சேமிக்கவே இல்லை. அதனால் விழுந்ததும் எழுந்ததாகவே உங்களுக்குத் தோன்றுகிறது. இதனால்தான் இன்ஸ்பெக்டரின் வாயால் அந்த அத்தியாயத்தைச் சொல்லவிடாமல், பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளிடம் கொடுத்தேன். அடிபட்டவனுக்கு அந்தக் காட்சி கிடையாது, பார்த்தவனுக்கு மட்டும்தான் உண்டு. எனக்கு உண்டு, அண்ணா. உங்கள் வாழ்க்கையில் சில நிமிடங்களை நான்தான் வைத்திருக்கிறேன். அதைக் கட்டுக்கதை என்று கூட்டத்தில் சொன்னது வலித்தது.

உங்களைப் புண்படுத்தியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டாலும் அது உண்மையாக இருக்காது. உங்களிடம் சொல்லாமல் எழுதினேன் என்பது உண்மை. சொல்லியிருந்தால் தடுத்திருப்பீர்கள் என்பதும் உண்மைதானே? உங்கள் கையெழுத்துப் பிரதியைப் படித்துத்தான் எழுதவே கற்றேன். ஒற்றெழுத்துப் பிழைக்கே ஒரு பக்கத்தைக் கிழித்துப் போடுவீர்கள். இன்ஸ்பெக்டர் மண்டையில் கதைக்கு ஒருமுறை அடிவாங்குவார், ஒரு தலைவலி வராது. அதை மட்டும் எப்படிச் சகித்தீர்கள்? 1928-லேயே மார்ட்லண்ட் என்ற மருத்துவர், திரும்பத் திரும்ப அடிவாங்கிய குத்துச்சண்டை வீரர்கள் தடுமாறி நடப்பதையும் மந்தமாகிப்போவதையும் பதிவு செய்திருக்கிறார். நம் ஆளுக்கு இத்தனை அடிக்கும் ஒரு பெயர்கூட மறந்துபோகவில்லை.

என் வடிவத்தில் அவர் துரத்துவதில்லை. மறுநாளும் வெளிச்சம் பட்டால் கண்கூசுகிறது, அறிக்கையில் ஒரே வரியை இருமுறை எழுதுகிறார், கான்ஸ்டபிள்மீது காரணமில்லாமல் எரிந்து விழுகிறார். குற்றவாளி தப்பிவிடுகிறான். அதற்கப்புறம் நாவல் இன்னும் நூறு பக்கம் நகர வேண்டியிருந்தது, நகர்த்தினேன். தனியாக. அதைப் படித்துவிட்டு நீங்கள் திட்டினால்கூடச் சந்தோஷப்படுவேன்.

தலைவலி இன்னும் வருகிறதா? அண்ணியிடம் கேட்டால் உங்களைக் கேட்கச் சொல்கிறார்.

அட்டையில் இரண்டு பெயரும் இருக்கின்றன, உங்கள் பெயர் முதலில். எடுத்துவிட வேண்டுமென்றால் மெய்ப்பு வருவதற்குள் பதிப்பகத்துக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். எனக்கு எழுத வேண்டாம். அத்தியாயத்தை மாற்றமாட்டேன்.

உங்கள் தங்கை