60 கிலோவுக்கு 62 கிலோ

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று உங்கள் நாளிதழில் நெற்றியில் சாம்பல் பூசிய ஒரு பெரியவரின் படம் வந்திருந்தது. இரண்டு நாள் கழித்து இதே பகுதியில் ஒரு வாசகர், மனந்திரும்புதல் என்பது அவரவர் மனசுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் நடக்கிற விஷயம், அதில் மூன்றாவது ஆளுக்கு வேலையே இல்லை என்று எழுதியிருந்தார். அழகாகத்தான் எழுதியிருந்தார். நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன், அப்படி நம்புவது எனக்கு ரொம்ப வசதியாகவும் இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், எடை பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் பொறையாறு பக்கத்துக்காரன், லுத்தரன் சபை. எங்கள் ஆட்களுக்கு ஒரு பெருமை உண்டு. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, அப்போது டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706 ஜூலை 9, அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு அங்கேயே அச்சாகி முடிந்தது 1715. ஆக, முந்நூறு வருஷத்துக்கு மேலாகத் தமிழில் வேதம் வாசிக்கிற ஜனம் நாங்கள் என்று எங்கே மேடை கிடைத்தாலும் சொல்லிக்கொள்வோம். அதே மனிதர் ஒரு நாவிதருடைய விதவைக்காகக் கடன் வழக்கில் நியாயம் கேட்கப்போய், டேனிஷ் அதிகாரியின் கோபத்துக்கு ஆளாகி, 1708-இல் பிடிபட்டு நான்கு மாதம் சிறையில் கிடந்தாரே, அதை அவ்வளவாகச் சொல்ல மாட்டோம். அச்சடித்ததைக் கொண்டாடுவதில் யாருக்கும் செலவில்லை பாருங்கள்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன்.

1991-லிருந்து 2008 வரை ஒரு தனியார் நெல் மண்டியில் கணக்கு எழுதினேன். மண்டி இப்போது இல்லை, முதலாளியும் இல்லை, ஊர் பேர் வேண்டாம். அங்கே மூட்டை என்றால் 60 கிலோ. ஆனால் தராசில் 62 நிற்கும் வரை அள்ளிப் போடுவோம். கேட்டால் சாக்கு எடை ஒன்று, ஈரம் ஒன்று. கோடை வெயிலில் நாலு நாள் காய்ந்து, கடித்தால் கடுக்கென்று உடைகிற நெல்லுக்கும் ஈரம்தான். விவசாயிக்குத் தெரியாமல் இல்லை, நன்றாகவே தெரியும். உரக்கடையில் பாக்கி, நகை அடகில், நெல்லை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்த பிறகு எங்கே திருப்பி எடுத்துக்கொண்டு போவது? ஐந்து ஏக்கர்க்காரர் ஒருத்தர், ஏக்கருக்கு 30 மூட்டை கண்டிருக்கிறார் என்று வையுங்கள், 150 மூட்டை. மூட்டைக்கு இரண்டு கிலோ என்றால் 300 கிலோ. ஐந்து மூட்டை நெல்லை அவர் கண் முன்னாலேயே எடுத்துவிட்டு, சிட்டாவில், அதாவது மண்டியின் கணக்குப் புத்தகத்தில், 150 என்று முத்து முத்தாக எழுதியவன் நான். போகத்துக்குப் போகம் முதலாளி எனக்கு மூட்டைக்கு ஒரு ரூபாய் கையில் கொடுப்பார். அதற்குப் பெயர் கைச்செலவு.

இந்தப் பதினேழு வருஷமும் நான் கோயிலுக்குப் போகாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாது. பாவ அறிக்கையை மனப்பாடமாக, கண்ணை மூடிக்கொண்டு, மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுவேன். தவக்காலமான லெந்து நாட்களில் மதியச் சோறு கிடையாது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வருஷம் ஒரு பூசணிக்காயை 2,000 ரூபாய்க்கு எடுத்தேன், சபையே கை தட்டியது. அது யார் வீட்டு நெல்லில் வாங்கிய பூசணிக்காய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அழுதும் இருக்கிறேன், பொய்யில்லை, உண்மையான அழுகைதான். அழுது முடித்ததும் மனசு லேசாகிவிடும், மறுநாள் காலை எட்டு மணிக்குத் தராசு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவர்களைப் பார்த்து எங்கள் சபையில் சிலர் கேலி பேசுவார்கள். நான் பேசுவதில்லை. அவர்களுக்குக் காலாவது நோகிறது.

வேலையை விட்டு வெகுநாள் கழித்து, 2019 லெந்து நாட்களில், சகேயு கதையை எங்கள் ஐயர், அதாவது சபைப் போதகர், வாசித்தார். சின்ன வயசிலிருந்து கேட்ட கதைதான். வரி வசூலிக்கிற ஆயக்காரன், குள்ளன், மரத்தில் ஏறினான், இயேசு வீட்டுக்கு வந்தார், அதோடு ஞாயிறு பள்ளிப் பாட்டு முடிந்துவிடும். அன்றைக்கு என்னவோ, அந்த ஆள் அழுததாக ஒரு வரி கூட இல்லையே என்று பட்டது. வீட்டுக்கு வந்து லூக்கா 19-ஐத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இல்லை. அவன் எழுந்து நின்று கணக்குச் சொல்கிறான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது இருந்தால் நாலு மடங்கு. அதற்கு அப்புறம்தான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார் ஆண்டவர். யோவான் ஸ்நானகனிடம் ஆயக்காரர்கள் வந்து நாங்கள் என்ன செய்யட்டும் என்று கேட்டபோது அவனும் உபவாசம் இரு, முழங்காலில் நில் என்று சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதே என்றான், அவ்வளவுதான். எனக்கு அது 62 வேண்டாம், 60 போதும் என்று சொன்ன மாதிரியே காதில் விழுந்தது.

விசுவாசத்தினால் மட்டுமே நீதிமான் ஆகிறோம், கிரியையினால் அல்ல, இதுதானே லுத்தரன் உபதேசம் என்று சபையில் ஒரு மூப்பர் என்னைப் பிடித்துக்கொண்டார். அதை நான் மறுக்கவே இல்லை. கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று சொன்ன வேதத்தின் யாக்கோபு நிருபத்தை, எங்கள் சபைக்கு மூலவரான லூத்தரே 1522-இல் வைக்கோல் என்று தள்ளி எழுதினார் என்றும் அவர் சொன்னார். உண்மைதான், எழுதினார். ஆனால் நாம் டெல்டாக்காரர்கள், வைக்கோல் என்ன விலை விற்கிறது என்று நமக்குத் தெரியும், அது இல்லாவிட்டால் கோடையில் மாடு நிற்குமா என்றும் தெரியும். அதே லூத்தர்தான் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் சும்மா உட்காரத் தெரியாத ஒன்று, நன்மை செய்யலாமா என்று கேட்பதற்குள் செய்து முடித்திருக்கும் என்றார். மூப்பருக்கு அதைப் படிக்க நேரமில்லை போல.

பழைய சிட்டாக்கள் பரண்மேல் டிரங்குப் பெட்டியில் இருந்தன. கொஞ்சம் கரையான் தின்றதுபோக மீதி கிடைத்தது. 41 பேர் தேறினார்கள். நாலு மடங்கு கொடுக்க நான் சகேயு இல்லை, அவன் பணக்காரன். பழைய ஏற்பாட்டில் எண்ணாகமம் 5-ஆம் அதிகாரத்தில் வேறு ஒரு கணக்கு இருக்கிறது: குற்றத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு. அதை எடுத்துக்கொண்டேன். முதலில் என் கைச்செலவை மட்டும்தான் முதலாக வைத்துப் போட்டேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "அவங்க வீட்டுல அஞ்சு மூட்டை போயிருக்கு, நீங்க 180 ரூபாய் கொண்டுபோய்க் குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். அதற்கு மேல் அவள் எதுவும் பேசவில்லை. ஒரு மா நிலத்தை விற்றோம். பிள்ளைகளுக்கு வருத்தம், அப்பாவுக்கு வயசாகிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்களாம்.

வீடு வீடாகப் போனதைப் பற்றித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் அந்த மூன்றாவது ஆளுக்கு வேலை இல்லை என்கிறாரே அந்த வாசகர், அந்த ஆளின் திண்ணையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். முதல் வீட்டில் பெரியவர் சிரித்துவிட்டார். "கணக்குப்பிள்ளை, மூட்டைக்கு ரெண்டு கிலோன்னு நினைச்சுக்கிட்டா இருந்தே? மூணு" என்றார். இன்னொருவர் பணத்தை வாங்கி எண்ணிப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டு, காபி வேண்டுமா என்று கூடக் கேட்காமல் உள்ளே போய்விட்டார். அது நியாயம். ஒருத்தர் மன்னிச்சாச்சு போங்க என்று பணத்தை வாங்க மறுத்தார், அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மன்னிப்பை இனாமாக வாங்கி வாங்கிப் பழகினவன்தானே நான், மறுபடி அதே இடத்துக்குத் தள்ளுகிறாரே என்று வாசலில் நின்று கெஞ்சி வாங்க வைத்தேன். ஒரு வீட்டில் மகன், அவனுக்கு முப்பது வயசு இருக்கும், அப்பா அந்த வருஷம் வட்டிக்காரனுக்குப் பயந்து திருப்பூர் போனவர், உங்க பணம் அப்ப இருந்திருந்தா இங்கேயே இருந்திருப்பார் என்றான். அதற்கு என்னிடம் ஐந்தில் ஒரு பங்கு எதுவும் இல்லை.

வாரிசு இல்லாமல் போனவர் ஒருவர். அப்படி இருந்தால் ஆசாரியனிடம் கொடு என்று அதே எண்ணாகமத்தில் இருக்கிறது. ஐயரிடம் கொண்டுபோனேன். "எனக்கு எதுக்கு? அவர் நிலத்தில் நாத்து நட்டவங்க யாராவது இருப்பாங்க, தேடுங்க" என்று அனுப்பிவிட்டார். அந்தத் தேடலில்தான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது கடலோரத்திலிருந்து வந்தவர்களுக்கு எங்கள் சபை நாள் கணக்கில் சோறு போட்டது, நானும் பரிமாறினேன். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, கை மேலே இருக்கும். திருப்பிக் கொடுக்கும்போது கை கீழே இருக்கிறது, தலையும். தர்மம் என்றால் சபை மொத்தமும் முன்னால் வரும். பாக்கியைத் தீர்ப்போம் என்று சொல்லிப் பாருங்கள், ஆளுக்கு ஒரு பக்கம் பார்ப்பார்கள்.

நாற்று நட்டவர்களைத் தேடி, தெற்குத் தெருவில் ஒரு பாட்டியம்மாவைப் பிடித்தேன். நட்டதும் அவர்தான், பிறகு எங்கள் மண்டிக் களத்தில் நெல் கிளறிக் கூட்டியதும் அவர்தான். எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. நான் வந்த விஷயத்தை முழுசாகக் கேட்டுவிட்டு, "எங்களுக்கு இல்லீங்களா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, ரேஷன் கடையில் கேட்கிற மாதிரிதான் கேட்டார். ஐப்பசி கார்த்திகையில் மதியத்துக்கு மேல் மழை இறங்கினால், களத்தில் இருக்கிற அத்தனை நெல்லையும் அந்தப் பெண்கள்தான் நனைந்துகொண்டே அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போடுவார்கள், அது முடிந்ததும் மழை நாள் என்று நான் அரைநாள் கூலி போடுவேன். 41 பேர் பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் புண்ணியவான் மாதிரி சுற்றியவனுக்கு இது ஒரு தரம் கூட ஞாபகம் வரவில்லை. வீட்டுக்கு வந்து சிட்டாவைப் புரட்டினேன். பட்டாதாரர்களுக்குத் தகப்பன் பெயரோடு இனிஷியல் போட்டு எழுதியிருக்கிறேன். இவர்களுக்கு, எல்லாப் பக்கத்திலும், "பெண்கள் 9", "பெண்கள் 11". அவ்வளவுதான்.

உங்கள் வயல்களை அறுத்தவர்களின் கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறது. இந்த வசனத்தை வைத்துப் பிரசங்கம் நான் அதிகம் கேட்டதில்லை. 1968-இல் எனக்குப் பதினோரு வயசு. கிறிஸ்துமஸ் அன்று ராத்திரி, அப்போதைய இதே தஞ்சாவூர் ஜில்லாவில், கூலி உயர்வு கேட்ட தகராறில் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். அடுத்த ஞாயிறு எங்கள் கோயிலில் அவர்களுக்காக ஜெபித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. சிறுவன், மறந்திருக்கலாம். கேரல் பாட்டு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்த வாசகருக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். மனம் திரும்பியதாகவே வைத்துக்கொள்வோம் ஐயா, எதை நோக்கித் திரும்பியது? மடையைத் திருப்பினால் தண்ணீர் ஒரு வயலுக்குப் போய்ச் சேர வேண்டும். ராத்திரி பூரா மண்வெட்டியோடு வரப்பில் நின்றேன், குளிரில் நடுங்கினேன் என்றால், பாவம்தான், ஆனால் பயிர் காய்கிறதே. காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று மத்தேயு ஐந்தில் ஆண்டவர் அனுப்புவதும் அந்த மூன்றாவது ஆளிடம்தான்.

என் பெயரைப் போட்டுத்தான் இதை எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். முதலாளியின் பேரப்பிள்ளைகள் இதே ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் யாரும் தராசைத் தொட்டதில்லை. நான் யார் என்று அந்த 41 வீட்டுக்கும் தெரியும், அது போதும்.

போன வாரம் மறுபடி தெற்குத் தெருவுக்குப் போனேன். பாட்டியம்மா விரல் மடக்கி மடக்கிக் களத்தில் வேலை பார்த்தவர்களின் பெயர்களைச் சொல்லச் சொல்ல, சிட்டாவிலேயே காலியாக இருந்த ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டேன். பதிமூன்று பேர் வந்தார்கள், நாலு பேர் உயிரோடு இல்லை. பதினாலாவது ஆளிடம் அவருக்குத் தட்டிவிட்டது. "நெட்டையா இருப்பா, கையில தேள் பச்சை குத்தியிருப்பா, என்னைய அக்கா அக்கான்னுதான் கூப்பிடுவா, பேரு வரமாட்டேங்குது கணக்குப்புள்ள" என்றார். அந்தம்மாவின் மகளை ஆக்கூரில் கட்டிக் கொடுத்திருக்கிறதாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்துப் போகலாம் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
பொறையாறு அருகிலிருந்து